குழந்தையின் சொல்லும் நினைவும்

தம் வாழ்வின் முதல் நினைவு எது என்று இங்குள்ள ஒவ்வொருவரும் ஒரு நொடி எண்ணிப் பார்க்கலாம். ஒருவர்க்கு அது வீட்டுத் திண்ணையாக இருக்கும். ஒருவர்க்குத் தம்பி பிறந்த நாளாக இருக்கும். மற்றொருவர்க்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அழுத நிகழ்ச்சியாக இருக்கும். அப்போது வயது என்ன என்று கணக்கிட்டால், பெரும்பாலோர்க்கு மூன்றுக்கும் நான்குக்கும் இடையே வந்து நிற்கும். அதற்கு முன் தவழ்ந்ததும், தட்டுத்தடுமாறி நடந்ததும், முதன்முதல் அம்மா என்று அழைத்ததும் எவர் நெஞ்சிலும் இல்லை. மனிதன் வாழ்நாளில் மிகுதியாகக் கற்கும் காலம் எதுவோ, அந்தக் காலமே துடைத்து வைத்தாற்போல் மறைந்து கிடக்கிறது. ஒரு மொழியை முழுமையாகக் கற்றுக்கொண்ட குழந்தை, அதனைக் கற்ற ஒரு நாளையேனும் பின்னாளில் நினைவுகூர முடிவதில்லை.

இது ஏன் என்னும் வினா உளவியலில் நூறாண்டுகளுக்கும் மேலாக உள்ளது. சிக்மண்ட் ஃபிராய்டு 1905ஆம் ஆண்டில் இம்மறதியைப் பற்றி எழுதினார். குழந்தைப் பருவத்து ஆசைகளை மனம் வேண்டுமென்றே அழுத்தி மறைத்துவிடுகிறது என்பது அவர் கருத்து. அக்கருத்தை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆயினும் அவர் எழுப்பிய வினா பெரிது; அதற்கு அவர் கூறிய விடையைவிட அவ்வினாவே நெடுநாள் நிலைத்தது.

கைக்குழந்தைக்கு நினைவாற்றலே இல்லை என்று எண்ணுவதற்கு இடமில்லை. அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர், தொட்டிலின் மேல் தொங்கும் பொம்மைகளோடு ஒரு நாடாவை இணைத்து, அதன் மறுமுனையைக் குழந்தையின் கணுக்காலில் கட்டினார். குழந்தை காலை உதைத்தால் பொம்மைகள் ஆடும். சிறிது நேரத்திலேயே குழந்தை இதனைக் கண்டுகொண்டு மேலும் மேலும் உதைக்கும். சில நாட்கள் கழித்து அதே பொம்மையைக் காட்டினால், நாடா கட்டாத போதும் காலை உதைத்துப் பார்க்கும். மூன்று மாதக் குழந்தை ஏறத்தாழ ஒரு வாரமும், ஆறு மாதக் குழந்தை ஏறத்தாழ இரண்டு வாரமும் இதனை மறவாதிருந்தன. மறந்த பின்னும் பொம்மை ஆடுவதை ஒருமுறை காட்டினால் நினைவு மீண்டது.

ஆகவே குழந்தை நினைவு கொள்கிறது. வளர்ந்த பின் அந்நினைவை எடுத்துச் சொல்லத்தான் முடியவில்லை. இதற்குக் காரணங்கள் பல. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதில் பெரும்பங்கு கொள்ளும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி அப்பருவத்தில் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. 'இது எனக்கு நேர்ந்தது' என்று சொல்லும் 'நான்' என்னும் உணர்வும் அப்போதுதான் முளைவிடுகிறது. இவற்றோடு சேர்ந்து நிற்கும் மற்றொரு காரணம் மொழி. இவ்வுரை அந்த ஒன்றைப் பற்றியதே.

மொழி வளர்ச்சி குழந்தை பேசத் தொடங்கும் நாளில் தொடங்குவதன்று. கருவறையிலேயே தாயின் குரல் செவிக்கு எட்டுகிறது. பிறந்த சில நாட்களிலேயே பிறர் குரலைவிடத் தாய்க்குரலைக் குழந்தை விரும்பிக் கேட்கிறது. கனடா நாட்டு ஆய்வாளர்கள் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் ஆகிய இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று தமிழ் அறிந்தோர்க்குச் சுவையானது. நாவின் நுனி பல்லைத் தொடுவதால் பிறக்கும் தகரத்தையும், நா மேல்நோக்கி வளைவதால் பிறக்கும் டகரத்தையும் இந்தி மொழியிலிருந்து எடுத்து, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தனர். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஆயினும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் அவ்வாற்றல் பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் ஒலிக்கும் ஒலிகளுக்குச் செவி கூர்மை பெறுகிறது, ஒலிக்காதவற்றைக் கைவிடுகிறது. லகர ளகர ழகர வேறுபாட்டை ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டித் திருத்த முயலும் தமிழாசிரியர்கள் இதனை அறிந்தால் பெருமூச்சு விடுவர். செவி பழகும் காலம் தொட்டிலோடு சேர்ந்தது.

அந்தப் பழக்கம் எவ்வழியே உண்டாகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கின்றனர். பட்ரீசியா கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் பன்னிரண்டு முறை சீன மொழி பேசச் செய்தனர். நேரில் அமர்ந்து, கண்ணைப் பார்த்து, பொம்மை காட்டிப் பேசியபோது குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே மனிதர்கள் அதே சொற்களைப் பேசியதைத் தொலைக்காட்சித் திரையில் காட்டியபோது எதுவும் கற்கவில்லை. 2003இல் வெளிவந்த ஆய்வு இது. சோறு ஊட்டும் வேளையில் கைப்பேசியைக் குழந்தையின் முன் நிறுத்தி வைக்கும் இல்லங்கள் இன்று குறைவல்ல. குழந்தை வாய் திறக்கிறது. உணவு உள்ளே போகிறது. அந்த அரைமணி நேரத்தில் 'இதோ காக்கா', 'அதோ நிலா' என்று போயிருக்க வேண்டிய பேச்சு போகவில்லை.

இனி நினைவுக்கு வருவோம். நியூசிலாந்தின் தென்தீவில் டனீடன் என்னும் நகரில் ஒட்டாகோ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு கேப்ரியல் சிம்காக், ஹார்லீன் ஹெய்ன் என்னும் இருவர் ஒரு பெட்டியைச் செய்தனர். அதற்குப் 'பொருளைச் சுருக்கும் மாயப்பெட்டி' என்று பெயர். ஒரு நெம்புகோலை இழுத்தால் விளக்குகள் எரியும். மேலே உள்ள திறப்பில் ஒரு பெரிய பொம்மையைப் போட வேண்டும். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் இசை ஒலிக்கும். கீழே உள்ள கதவைத் திறந்தால், போட்ட பொம்மை போலவே அச்சாக ஒரு சிறிய பொம்மை இருக்கும்! குழந்தைகளுக்கு இதைவிட வியப்பான விளையாட்டு வேண்டுமா? 27, 33, 39 மாதக் குழந்தைகள் இந்தப் பெட்டியோடு விளையாடினர். அந்நாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் என்னென்ன சொற்கள் பேச வரும் என்பதையும் ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக்கொண்டனர். ஆய்வின் உயிர்நாடி அக்கணக்கிலேதான் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்துச் சிலரையும், ஓராண்டு கழித்துச் சிலரையும் மீண்டும் கண்டனர். முதலில், 'அன்று என்ன விளையாடினாய், சொல்' என்று கேட்டனர். பின்னர்ப் படங்களைக் காட்டி, அன்று கண்ட பொம்மை எது என்று கேட்டனர். இறுதியாகப் பெட்டியையே முன் வைத்து, இயக்கிக் காட்டுமாறு கூறினர். குழந்தைகள் படங்களைச் சரியாகச் சுட்டினர். பெட்டியையும் இயக்கிக் காட்டினர். கையும் கண்ணும் நினைவு வைத்திருந்தன. சொல்லித்தான் காட்ட முடியவில்லை. சொன்னவை மிகக் குறைவு.

இடைப்பட்ட காலத்தில் அக்குழந்தைகளின் சொல்வளம் மிகப் பெருகியிருந்தது. பெட்டியை விவரிக்கத் தேவையான சொற்களுள் பலவும் இப்போது அவர்கள் வாயில் இருந்தன. எனினும், நிகழ்ச்சி நடந்த நாளில் தமக்குத் தெரியாதிருந்த ஒரு சொல்லையேனும் எந்தக் குழந்தையும் அந்நிகழ்ச்சியைச் சொல்வதற்குப் பயன்படுத்தவில்லை. எடுத்துக்காட்டாக, 'கைப்பிடி' என்னும் சொல் அன்று தெரியாதிருந்து ஓராண்டில் கற்ற குழந்தை, கதவின் கைப்பிடியைக் 'கைப்பிடி' என்று சொல்லும்; அன்று தான் சுழற்றியதைச் சொல்லும்போது அச்சொல் வாயில் வராது. நினைவு எந்தச் சொற்களோடு உள்ளே சென்றதோ அந்தச் சொற்களோடு மட்டுமே வெளியே வந்தது. பின்னர் வந்த சொற்கள் பழைய நினைவின் மேல் ஒட்டவில்லை.

இம்முடிவைச் சட்டம்போல் கொள்ளுதல் கூடாது. பின்னர் நடந்த வேறோர் ஆய்வில், நிறங்களின் பெயரைப் புதிதாகக் கற்ற சில குழந்தைகள், கற்பதற்கு முன் கண்ட ஒன்றின் நிறத்தை அப்பெயரால் சொல்லியிருக்கின்றனர். ஆனால் அவர்கள் சிலரே. டனீடன் குழந்தைகளுள் 46 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, ஐந்தில் ஒரு பங்கினர்க்கே மாயப்பெட்டியைப் பற்றிச் சொல்ல முடிந்தது. அவர்களுள் இருவர், பெட்டியைக் கண்டபோது மூன்று வயது நிறையாதவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நினைவில் நிற்பது முதற்படியன்று, கடைசிப்படி என்பது நம் இல்லங்களில் கேட்டுப் பழகிய கருத்தே. தத்துவார்த்த சூத்திரம் மதிஞானத்தை அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை என்று நான்காகக் கூறும். ஏதோ ஒன்று என்று முதலில் பற்றுதல், அது யாதென்று அறிய விழைதல், இன்னதென்று துணிதல், அதன் பின்னரே மறவாது தரித்தல். இதைக் கொண்டு, இன்றைய உளவியலை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. அவர்கள் நோக்கம் வேறு. இவர்கள் நோக்கம் வேறு. ஆயினும் 'இன்னது' என்னும் துணிவுக்குப் பின்னரே தாரணை என்ற வரிசை, பெயரிட்டு அறியாத ஒன்று ஏன் நெஞ்சில் நில்லாது போகிறது என்பதை எண்ணிப் பார்க்கத் துணை செய்கிறது.

'இன்னது' என்று துணிவதற்குக் குழந்தைக்கு யார் உதவுகின்றனர்? மிண்டா டெஸ்லர், கேதரின் நெல்சன் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மூன்று வயதை ஒட்டிய குழந்தைகளும் தாய்மாரும் ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தனர். அவர்களது பேச்சு பதிவு செய்யப்பட்டது. ஒரு வாரம் கழித்துக் குழந்தைகளைக் கேட்டபோது, தாயும் சேயும் சேர்ந்து பேசியவற்றையே அவர்கள் நினைவுகூர்ந்தனர். இருவரும் பேசாதவை நினைவில் இல்லை. தாய் மட்டும் சொல்லிக்கொண்டே போனவையும் இல்லை; குழந்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லி, தாய் காதில் வாங்காதவையும் இல்லை. எத்தனையோ காட்சிப் பொருள்களைக் கண் கண்டது. உரையாடலில் வந்தவையே நின்றன.

ஆனால் உரையாடலிலும் வகையுண்டு. ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் முதலியோர் பெற்றோர் குழந்தைகளோடு கடந்ததைப் பேசும் முறைகளைப் பல ஆண்டுகள் கேட்டு ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட இருவகையை நம் வீட்டுப் பேச்சில் வைத்துப் பார்க்கலாம். மேல்சித்தாமூர்த் தேர் பார்த்து வந்த மறுநாள் என்று கொள்வோம். ஒரு பாட்டி கேட்கிறார்:

"நேத்து எங்க போனோம்?"

"கோயிலு."

"அங்க என்ன பார்த்தோம்?"

குழந்தை விழிக்கிறது.

"என்ன பார்த்தோம்? சொல்லு."

"தெரியல."

"தேரு! தேருன்னு சொல்லு."

"தேரு."

இது தேர்வு. விடை பாட்டியிடம் முன்பே இருக்கிறது. குழந்தை அதனைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை வராவிட்டால் அதே வினா மீண்டும் வருகிறது. மற்றொரு பாட்டியின் பேச்சு வேறு விதம்:

"நேத்து தேர் பார்த்தோமே கண்ணு, எவ்வளவு உயரம்!"

"பெருசு."

"ஆமா, பெருசு. தாத்தா தோள்மேல உட்கார்ந்து பார்த்தியே. அதை எப்படி இழுத்தாங்க?"

"கயிறு."

"அந்தக் கயித்துக்கு வடம்னு பேரு. நீ தொட்டுப் பார்த்தியா?"

"தாத்தாதான் தொட்டாரு. எனக்குப் பயம்."

"எதைப் பார்த்துப் பயம்?"

"மேளம். காது வலிச்சுது."

இங்கே குழந்தை சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஏற்கப்படுகிறது; அதன்மேல் ஒன்று சேர்க்கப்படுகிறது. கயிறு வடமாகிறது. அச்சம் பெயர் பெறுகிறது. பாட்டி அறியாத ஒன்றை, அதாவது மேள ஒலியில் காது வலித்ததை, குழந்தை அவருக்குச் சொல்கிறது. இவ்வாறு விரித்துப் பேசும் தாய்மாரின் குழந்தைகள், பின்னாளில் தம் வாழ்வில் நடந்தவற்றை மிகுதியாகவும் கோவையாகவும் சொல்கின்றனர் என்பது அந்த ஆய்வுகளின் முடிவு. தாய்மார்க்கு இம்முறையைப் பயிற்றுவித்துப் பார்த்தபோதும் இப்பயன் காணப்பட்டது. ஆகவே இது பிறவியிலேயே வாய்க்கும் திறனன்று, பழகினால் வரும்.

நியூசிலாந்தின் பழங்குடியினரான மாவோரி மக்களிடம் இது இயல்பாகவே உள்ளது எனலாம். ஒட்டாகோ ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில், வளர்ந்தவர்களிடம் அவர்களது முதல் நினைவைக் கேட்டு எழுதினர். ஐரோப்பிய மரபினர்க்கு அது சராசரியாக ஏறத்தாழ 43 மாத வயதிலும், ஆசிய மரபினர்க்கு ஏறத்தாழ 58 மாத வயதிலும் தொடங்கியது. மாவோரியர்க்கோ ஏறத்தாழ 33 மாதம்! மூன்று வயது நிறைவதற்கு முன்பே நினைவு தொடங்கிவிடுகிறது. முன்னோரையும் பிறந்த மண்ணையும் பற்றி வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டேயிருக்கும் மரபு அவர்களுடையது. குழந்தை பிறந்த கதையை அக்குழந்தைக்கே சொல்வதில், மாவோரித் தாய்மார் ஐரோப்பிய மரபுத் தாய்மாரைவிட விரிவாகப் பேசினர் என்று பின்னர் ஓர் ஆய்வு காட்டியது. நம் வீடுகளிலும் பிறந்த கதை உண்டு. அன்று அடைமழை பெய்ததும், வண்டி கிடைக்காமல் மாமா ஓடியதும், மருத்துவச்சி வந்ததும் யாரிடமோ பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள்; குழந்தையை உட்கார வைத்து அதற்கே சொல்வது அருகி வருகிறது.

சொல்லும்போது ஒரு காப்பு வேண்டும். சொல் நினைவைப் பதிக்க வல்லது என்றால், நடவாததையும் பதிக்க வல்லது. குழந்தை உளவியலின் பேராசான் ழான் பியாஜே தம் வாழ்விலிருந்தே இதற்குச் சான்று தந்திருக்கிறார். இரண்டு வயதில் தள்ளுவண்டியில் அமர்ந்திருந்தபோது, பாரிஸ் நகரின் ஷான்ஸ் எலிசே சாலையில் ஒருவன் தம்மைக் கடத்த முயன்றதும், செவிலி எதிர்த்துப் போராடி முகத்தில் கீறல்கள் பெற்றதும், காவலர் வந்ததும் கள்வன் ஓடியதும் அவர் கண்முன் தெளிவாக நின்றன. காவலரின் குட்டை மேலங்கியும் வெள்ளைத் தடியும்கூட நினைவில் இருந்தன. அவருக்கு ஏறத்தாழ பதினைந்து வயதானபோது, அந்தச் செவிலியிடமிருந்து பெற்றோர்க்கு ஒரு கடிதம் வந்தது. மனம் திருந்திய அவர், அந்நிகழ்ச்சி முழுவதும் தாம் கட்டிச் சொன்ன கதை என்று ஒப்புக்கொண்டு, அன்று பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பித் தந்துவிட்டார். சிறுவயதில் வீட்டில் கேட்ட கதை, கண்ணால் கண்ட காட்சியாகவே பியாஜேயின் நெஞ்சில் பதிந்திருந்தது. 'அங்க பூதம் இருந்துச்சே, நீ பார்த்தியே' என்று விளையாட்டாகச் சொல்வோரும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வேண்டிய விடையைக் குழந்தையின் வாயிலிருந்து வருவிப்போரும் இதனை எண்ண வேண்டும். வாய்மை பெரியவர்களிடையே மட்டும் காக்கப்பட வேண்டிய நோன்பன்று.

இன்னும் ஒன்று உண்டு. வெளியூரிலும் வெளிநாட்டிலும் பேரக்குழந்தைகள் வளரும் இல்லங்களுக்கு அதுவே மிகுதியும் உரியது. வியோரிகா மாரியன், உல்ரிக் நைசர் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடத்தினர். ரஷ்ய மொழி பேசும் நாட்டில் பிறந்து, பின்னர் அமெரிக்கா வந்து, இரு மொழியும் அறிந்த மாணவர்களிடம் சொற்களைக் கூறி, ஒவ்வொரு சொல்லுக்கும் நினைவுக்கு வரும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள். ரஷ்ய மொழியில் கேட்டபோது, ரஷ்ய மொழியோடு வாழ்ந்த காலத்து நிகழ்ச்சிகள் மிகுதியாக வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது, ஆங்கிலத்தோடு வாழ்ந்த காலத்து நிகழ்ச்சிகள் மிகுதியாக வந்தன. பொது அறிவும் இவ்வாறே. சீனமும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம், ஒரு கையை உயர்த்தித் தொலைவை நோக்கி நிற்கும் ஒருவரின் சிலை எது என்று ஆங்கிலத்தில் கேட்டால் நியூயார்க் சுதந்திர தேவி சிலை முந்தி வந்தது. சீனத்தில் கேட்டால் மாவோவின் சிலை முந்தி வந்தது. நெஞ்சம் ஒன்றே, கேட்ட மொழியைப் பொறுத்து வாயில் மாறுகிறது.

ஆங்கிலம் கற்பது தீது என்பது இதன் பொருளன்று. அம்மாணவர்களுக்கு இரு மொழியும் இருந்தன. ஆகவே இரு வாயில்களும் திறந்திருந்தன. ஒரு வாயிலின் மொழி வழக்கிழந்து போனால் அதன் உள்ளே இருந்தவை என்னாகும் என்பதே கவலை. ஐந்து வயது வரை வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பாட்டி வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். "பொழுது இறங்குது, வா வா, சாப்பிட்டுடலாம்" என்று பாட்டி அழைத்த குரலும், மங்கும் ஒளியில் முற்றத்தில் இட்ட இலையும், விளக்கேற்றும் முன் கை கழுவிய அவசரமும் தமிழில்தான் உள்ளே சென்றன. இருபது ஆண்டு கழித்து அப்பிள்ளைக்குத் தமிழ் அரைகுறையாகிவிட்டால், 'அந்தக் காலத்தில் இரவு உணவை நேரத்தோடு உண்போம்' என்னும் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் எஞ்சும். 'பொழுது இறங்குது' என்னும் இரண்டு சொற்களை ஒருவர் காதருகே சொன்னால் முற்றம் முழுவதும் திரும்பி வரக்கூடும். சொல்வதற்கு ஆள் இருக்க வேண்டும். கேட்கும் செவிக்கு அது புரிய வேண்டும்.

இதில் பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. அலுவலகம் சென்று திரும்பும் தாயும் தந்தையும் பள்ளியின் வீட்டுப் பாடத்தைக் கேட்பதற்கே நேரமின்றி இருக்கின்றனர். 'இன்று என்ன மதிப்பெண்?' என்னும் வினா முன்னர்க் கண்ட முதல் பாட்டியின் வினாவைப் போன்றதே. ஒரு சொல்லில் விடை முடிந்துவிடும். 'இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?' என்பதற்கு அவ்வளவு எளிதில் விடை முடியாது.

கற்ற பாடத்திற்கும் இதே நியதி பொருந்தும். சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் ஒரு கணக்குத் தருகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்கே கைவரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும் என்பது அவர் கருத்து. கேட்பதற்குக் கால், சொல்வதற்கு அரை! தமிழ் முதுகலை பயின்றோர் இந்நூற்பாவைத் தேர்வுக்காகப் படித்து விடைத்தாளில் எழுதிவிட்டு மறந்திருப்பர். பிறர்க்கு எடுத்துரைத்திருந்தால் மறந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு குழுவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு வேளை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, பின்னர் மூன்று வேளை நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, நான்கு வேளை படித்தவர்களே முந்தினர்: அவர்கள் 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை மாறியது. நான்கு வேளை படித்தவர்களிடம் 40 விழுக்காடே எஞ்சியது. நினைவிலிருந்து எடுத்து எழுதியவர்களிடம் 61 விழுக்காடு நின்றது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தனர் என்பது இதில் வேடிக்கை. தேர்வு நாட்களில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடியப் படிக்கும் பிள்ளைகளைக் கண்டு மகிழும் பெற்றோர், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்பது நலம். விடுமுறையில் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் இவ்வாறே செய்யலாம். ஜீவகன் கதையை ஆசிரியர் ஒருமுறை சொன்னபின், பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்கு அதைச் சொல்லட்டும். தவறாகச் சொல்லும், இடையில் நிற்கும், பெயரை மாற்றிவிடும். ஆசிரியர் அருகிருந்து திருத்தினால் போதும். கதை அன்றே அப்பிள்ளையுடையதாகிவிடும்.

விழாவுக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தேரையும், கூட்டத்தையும், பந்தியையும் கைப்பேசியில் படம் எடுப்போர் எடுக்கட்டும். குழந்தை எதை நோக்கி நிற்கிறதோ அதன் பெயரை அப்போதே, அதன் உயரத்துக்குக் குனிந்து, தமிழில் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில் திண்டிவனம் வந்து சேரும் வரை பேருந்தில் நேரம் இருக்கிறது. தாத்தாவோ பாட்டியோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தமக்கு விடை தெரியாத ஒன்றைக் கேட்டுத் தொடங்கலாம்: "தேர் நகர்ந்தப்போ உனக்கு எப்படி இருந்துச்சு கண்ணு?"